கோயிற் கதவும் பகுத்தறிவும்: யாழ்ப்பாணச் சமூகத்திற் சமய விமர்சனம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

சமய நம்பிக்கையை உலகியல் நின்று விமர்சித்தல் என்றதும் சிந்தனை பெரும்பாலும் மேனாட்டை நோக்கியே செல்கின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் அறிவொளி இயக்கமும், 1844 ஆம் ஆண்டில் மார்க்ஸ் எழுதிய கட்டுரையும், 1851 இல் ஹோலியோக் என்னும் ஆங்கிலேயர் 'செக்கியூலரிசம்' என்ற சொல்லை வழக்குக்குக் கொணர்ந்தமையும் இத்துறையில் முதற்கண் எடுத்துக்காட்டப்படுவன. இவற்றைப் பயிலுதல் அவசியமே. ஆயின், ஒரு சமூகம் தன் நம்பிக்கைகளை எவ்வாறு வினாவுக்கு உட்படுத்திற்று என்பதை அச்சமூகத்தின் வரலாற்றினின்றே அறிதல் வேண்டும். ஐரோப்பாவில் அரசுடன் பிணைந்து நின்ற திருச்சபையை எதிர்த்து எழுந்த விமர்சனத்தை, திருச்சபை போன்றதொரு நிறுவனமே இல்லாத சைவச் சமூகம் ஒன்றின்மீது அப்படியே பொருத்திப் பார்ப்பதாற் பெறத்தக்க தெளிவு மிகச் சிறிது.

யாழ்ப்பாணச் சமூகத்தில், கடந்த ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளிற் சமயம் பற்றிய விமர்சனம் நான்கு வடிவங்களில் வெளிப்பட்டுள்ளது எனலாம். ஒரு சமயம் மற்றொரு சமயத்தின்மீது தொடுத்த கண்டனம் முதலாவது. தேசியமும் கல்வியும் வழிவந்த சீர்திருத்தம் இரண்டாவது. அற்புதங்களையும் மாந்திரீகத்தையும் விஞ்ஞான நோக்கிற் சோதித்த பகுத்தறிவு மூன்றாவது. கோயிலை ஒரு சமூக நிறுவனமாகக் கண்டு, அதன் வாசலில் நின்று உரிமை கோரிய போராட்டம் நான்காவது. இவை ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்தும் விலகியும் நின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

1816 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் தமது பணியைத் தொடங்கினர். 1823 இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் நிறுவிய செமினரி, கணிதமும் வானியலும் போதிக்கும் உயர்கல்வி நிலையமாக வளர்ந்தது. அங்கு வானியல் வெறும் பாடமாக மட்டும் இருக்கவில்லை. சமயப் பிரசாரத்தின் கருவியாகவும் அது பயன்பட்டது. 1829 ஆம் ஆண்டுச் சந்திரகிரகணம் பற்றிப் பஞ்சாங்கக் கணிதரான விசுவநாத சாஸ்திரியார் கணித்திருந்ததற்கும், செமினரி அதிபர் டானியல் பூவர் கணித்ததற்கும் வேறுபாடு காணப்பட்டது. கிரகணம் பூவரின் கணிப்பையொட்டியே நிகழ்ந்தபோது, பஞ்சாங்கத்தின் பிழை சைவத்தின் பிழையாகவே எடுத்துரைக்கப்பட்டது. புராண உலகமைப்புப் பொய்யென்றால் அதனைச் சார்ந்த வழிபாடும் பொய் என்பதே மிஷனரிமாரின் வாதமாகும்.

இவ்வாதத்தில் ஒரு குறை மறைந்து கிடந்தது. அதே அளவுகோலை விவிலியத்தின் உலகத் தோற்றக் கதைக்கோ அற்புதங்களுக்கோ அவர்கள் பிரயோகிக்கவில்லை. பிறர் நம்பிக்கையை வெட்டும் வாளாக மட்டுமே அறிவியல் அவர்கள் கையில் இருந்தது.

இதனை நன்குணர்ந்தவர் ஆறுமுக நாவலர் (1822-1879). பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவராதலால், கிறித்தவ நூல்களை உள்ளிருந்தே அறியும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் நிறுவினார். 1854 இல் வெளிவந்த 'சைவதூஷண பரிகாரம்', சைவக் கிரியைகளுக்கு ஒப்பானவை விவிலியத்திலும் உள்ளன என விவிலியத்தைக் கொண்டே நிறுவ முற்பட்டது. கண்டித்தவரின் ஆயுதத்தைக் கொண்டே அவரை மறுக்கும் இம்முறை வாதத்திறனில் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை.

எனினும் இரு சாராரும் ஓர் எல்லைக்கு அப்பாற் செல்லவில்லை. 'உனது சமயத்திலுள்ளது எமது சமயத்திலும் உண்டு' என்ற மறுப்பு, இரண்டையும் ஒருங்கே வினாவும் நிலைக்கு இட்டுச் செல்லவில்லை. இரண்டையும் காக்கும் நிலைக்கே இட்டுச் சென்றது. அத்துடன், சாதியமைப்புப் பற்றிய வினாவும் பின்தள்ளப்பட்டது. நாவலரின் சீர்திருத்தம் ஆகம நெறியை வலியுறுத்தியது. அந்நெறி சாதி ஆசாரத்தையும் தன்னுள் ஏற்றிருந்தது. மிஷன் பாடசாலைகளிற் சேர்ந்த உயர்சாதி மாணவர் தமது ஆசாரத்துடனேயே அங்கு வாழ இடமளிக்கப்பட்டமையும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் சமயக் கண்டனம் எத்துணை உக்கிரமாக இருந்தபோதிலும், கோயிற் கதவு யாருக்குத் திறக்கும், யாருக்கு மூடும் என்ற வினா அங்கு மையமாக எழவில்லை.

3

அவ்வினாவை முதன்முதலிற் கல்விக்கூடத்தின் வாயிலாக எழுப்பியவர்கள் இளைஞர்களாவர். 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அமைப்பு, ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் வழிகாட்டலில் இயங்கியது. 1927 இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தமை இவர்களுக்குப் பேரூக்கம் அளித்தது. சைவர், கிறித்தவர் என்ற பேதமின்றி இளைஞர் ஒன்றுகூடிய இவ்வமைப்பு, சமயத்தை மறுக்கவில்லை. பொதுவாழ்வின் அளவுகோலாகச் சமயத்தை ஏற்கவும் இல்லை. அந்த வகையில் இங்கு தோன்றிய முதலாவது உலகியற் பொதுமன்றம் இதுவே எனலாம்.

இவர்களுடைய கொள்கை சோதனைக்குள்ளாகிய இடம் பாடசாலையாகும். அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிற் சகல சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளித்தல் வேண்டும் என 1920களின் இறுதியில் எழுந்த கோரிக்கையை வாலிபர் காங்கிரஸ் ஆதரித்தது. அதுவரை ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்திலோ வகுப்பறைக்கு வெளியிலோ அமர்த்தப்பட்டனர். சம ஆசனத்துக்கு எதிராக விண்ணப்பங்கள் எழுதப்பட்டன. சில பாடசாலைக் கட்டடங்களுக்குத் தீயும் வைக்கப்பட்டது. வாங்கில் ஒரு பிள்ளை அமர்வதற்கு எதிராகத் தீ மூட்டியவர்கள் தமது செயலுக்குச் சமய ஆசாரத்தையே ஆதாரமாகக் காட்டினர். 1931 இற் சர்வசன வாக்குரிமை வந்தபோது, வாக்குச்சாவடியிற் சமமானவர்கள் கோயில் வாசலிற் சமமற்றவர்களாய் நின்ற முரண்பாடு மேலும் வெளிப்படையாயிற்று.

இதே காலத்தில், 1932 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், ஐரோப்பியப் பயணத்தினின்று திரும்பும் வழியில் ஈ. வெ. ராமசாமிப் பெரியார் இலங்கைக்கு வந்து உரையாற்றினார். தமிழகத்திற் பேரலையாக எழுந்த அவரது சுயமரியாதைக் கருத்துகள் யாழ்ப்பாணத்தில் ஆழ வேரூன்றவில்லை. இதற்கான காரணத்தை யாழ்ப்பாணத்தவரின் பக்தி மிகுதியில் தேடுதல் பொருந்தாது; சமூக அமைப்பிலேயே அது தேடப்பட வேண்டும். தமிழகத்திற் சமய ஆதிக்கம் பிராமண ஆதிக்கமாகக் காட்சியளித்தது. யாழ்ப்பாணத்திலோ பிராமணர் தொகையிற் சிறியவர். பெரும்பாலும் கோயிலை உடைமையாகவோ தருமகர்த்தாப் பொறுப்பாகவோ கொண்ட வேளாளரின் ஊதியத்திற் பூசை செய்பவர். நிலம், கல்வி, உத்தியோகம், கோயில் ஆகிய நான்கும் ஒரே சாதியின் மேற்படையினரிடம் குவிந்திருந்தன. பிராமண எதிர்ப்பை முன்னிறுத்திய விமர்சனம் இங்கு வந்தபோது அதற்கு இலக்கே இல்லாது போயிற்று. கோயிலின் உண்மையான அதிகாரம் கருவறைக்குள் நின்றவரிடம் இருக்கவில்லை. கணக்கேட்டையும் திறவுகோலையும் வைத்திருந்தவரிடமே இருந்தது.

4

நம்பிக்கையின் உண்மை பொய்யை நேரடியாகச் சோதித்த மரபு ஆபிரகாம் தோமஸ் கோவூர் என்பவருடன் சிறப்பாகத் தொடர்புடையது. 1898 இற் கேரளத்துத் திருவல்லாவில், மார்த்தோமா திருச்சபைக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்த கோவூர், கல்கத்தாவிற் கல்விகற்றபின் 1928 இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்தார். அங்கு விவிலிய பாடத்தையும் கற்பிக்குமாறு பணிக்கப்பட்டார். மாணவர் அனைவரும் பரீட்சையிற் சித்தியெய்தினர். எனினும் மறு ஆண்டு அப்பாடம் அவருக்கு வழங்கப்படவில்லை. காரணம் வினவியபோது, மாணவர் சித்தியடைந்தனர், ஆனால் சமய நம்பிக்கையை இழந்துவிட்டனர் என்ற பொருள்பட அதிபர் விடையளித்தாராம். கோவூர் பின்னாளில் நினைவுகூர்ந்த இச்செய்தி அவரது முறையை நன்கு காட்டுகின்றது. அவர் பிரசாரம் செய்யவில்லை. நூலை ஊன்றி வாசிக்கச் செய்தார்.

1959 இல் ஆசிரியப் பணியினின்று ஓய்வுபெற்ற கோவூர், இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராகி, 1978 செப்டெம்பரில் மரணமடையும் வரை அப்பணியில் ஈடுபட்டார். மோசடிக்கு இடமற்ற நிபந்தனைகளின்கீழ் இயற்கை மீறிய ஆற்றலை நிரூபிப்பவருக்கு ஓர் இலட்சம் ரூபா அளிப்பதாக 1963 இல் அவர் விடுத்த சவால் இலங்கையிலும் இந்தியாவிலும் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. அவர் வாழ்நாளில் அப்பணத்தை எவரும் வென்றிலர். பேய்பிடித்தல், சூனியம், மறுபிறவி எனக் கூறப்பட்டவற்றை நேரிற் சென்று ஆராய்ந்து, அவற்றுட் பல உளநோயின் வெளிப்பாடுகள் என அவர் விளக்கினார். மனவசிய முறையாற் சிலருக்குச் சிகிச்சையும் அளித்தார். அவருடைய அனுபவக் குறிப்பொன்றைத் தழுவி 1972 இல் மலையாளத்திலும், அடுத்த ஆண்டு 'மறுபிறவி' என்ற பெயரில் தமிழிலும் திரைப்படங்கள் வெளிவந்தன. தமது கண்களைத் தானமாகவும், உடலை மருத்துவக் கல்விக்காகவும் அவர் அளித்தமை, தாம் கூறியதற்கு இறுதிவரை உண்மையாக இருந்தமையைக் காட்டும்.

கோவூரின் பணி மதிப்புக்குரியது. சோதனைக்கு உட்படாத எக்கூற்றுக்கும் விலக்களிக்க வேண்டியதில்லை என்ற துணிவை அவர் சாதாரண வாசகருக்கு ஊட்டினார். ஆயினும் இந்நெறியின் எல்லையையும் நோக்குதல் வேண்டும். திருநீறு வரவழைக்கும் சாமியாரின் தந்திரத்தை வெளிப்படுத்துவதால், அச்சாமியாரிடம் செல்பவரின் துயரம் நீங்கிவிடாது. பிள்ளையின் தீராத நோய், கடன், காணாமற்போன மகன், மாறாத வறுமை ஆகியவை மாந்திரீகனின் வாசலுக்கு மனிதரை இட்டுச் செல்கின்றன. சமயத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்ஸ், அதே இடத்தில் அதனைத் துன்புற்ற மனிதரின் வேதனை வெளிப்பாடாகவும் கண்டார் என்பதை அவ்வொப்பீட்டை எடுத்தாள்வோர் பலர் மறந்துவிடுகின்றனர். இலட்சம் ரூபாச் சவால், நம்பிக்கை பொய்யா மெய்யா என்று வினவியது; அந்நம்பிக்கையால் யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு என்று அது வினவவில்லை.

5

அவ்வினாவை எழுப்பியவர்கள், பகுத்தறிவுச் சங்கங்களின் உறுப்பினர் அல்லர். கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பக்தர்களாவர்.

1950களின் நடுப்பகுதியில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் உள்ளிட்ட சில ஆலயங்கள் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறக்கப்பட்டன. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதி காரணமாகப் பொது இடங்களிலும் வழிபாட்டிடங்களிலும் ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கியது. சட்டம் ஏட்டிலிருந்தது, தேநீர்க் கடையில் தனிப் பேணியும், கோயிலில் வெளிவீதியும் வழக்கிலிருந்தன. 1966 ஒக்ரோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்தினின்று யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் புதியதொரு கட்டத்தைத் தொடக்கி வைத்தது. 1967 இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைக்கப்பட்டது. பொதுவுடைமைவாதிகள் முன்னின்ற இவ்வியக்கம் தேநீர்க் கடைகளிலும் ஆலயங்களிலும் பிரவேசப் போராட்டங்களை நடாத்தியது. சங்கானைப் பகுதியில் உயிர்ப்பலியும் நேர்ந்தது.

1968 ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நிகழ்ந்தது இப்போராட்டத்தின் உச்சமெனலாம். மகோற்சவ காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் வாசலில் அமர்ந்து உட்செல்ல அனுமதி கோரினர். அவர்களைத் தடுத்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம் ஆவார். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியராகவும், சுதந்திர இலங்கையின் முதலாவது அமைச்சரவையின் உறுப்பினராகவும் இருந்தவர் அவர். 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்மீது தொடரப்பட்ட வழக்குப் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1971 இல் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன.

இந்நிகழ்ச்சி இரு உண்மைகளைப் புலப்படுத்துகின்றது. நவீன கல்வி பரவப் பரவப் பழைய நம்பிக்கைகள் தாமே தேய்ந்து மறையும் என்ற கருத்துப் பலரிடம் உண்டு. மாவிட்டபுர வாசலிற் கணிதப் பேராசிரியர் ஒருவரே தடையாக நின்றமை இக்கருத்தை மறுக்கின்றது. தமது துறையிற் சான்றும் நிறுவலும் கேட்கும் மூளை, தமது சமூக நிலைக்கு ஆதாரமான வழமையிடம் அவற்றைக் கேட்பதில்லை. கல்வி ஒருவருக்கு வினா எழுப்பும் ஆற்றலை அளிக்கும். தம் சொந்த ஆதிக்கத்தை நோக்கி அவ்வினாவைத் திருப்பும் விருப்பை அது தானாக அளிப்பதில்லை.

மற்றது, கடவுள் நம்பிக்கையற்ற பொதுவுடைமைவாதிகள் கடவுளை வழிபடும் உரிமைக்காகப் போராடியமை. இல்லாத கடவுளின் வீட்டினுட் செல்ல ஏன் இத்தனை பாடு எனப் பகுத்தறிவாளர் சிலர் வினவக்கூடும். வினா தருக்கரீதியானதே, ஆயின் அது கோயிலின் சமூகப் பொருளைக் காணத் தவறுகின்றது. கோயில் ஊரின் நடுவிடம். யார் ஊரவர், யார் அல்லர் என்பது அங்கு ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகின்றது. தேர்வடத்திற் கைவைக்கும் உரிமை மனிதராக எண்ணப்படும் உரிமையுடன் பிணைந்திருந்தது. 1924 இல் வைக்கத்திற் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்கான போராட்டத்திற், பின்னாளிற் கடவுள் மறுப்பாளராக அறியப்பட்ட பெரியார் பங்குகொண்டமையும் இந்நோக்கிலேயே விளங்கிக்கொள்ளத்தக்கது. நம்பிக்கையைக் கைவிடுவதற்குங்கூட ஒருவர் முதலில் அதன் முன் சமமாக நிற்க வேண்டும். வெளியே நிறுத்தப்பட்டவன் உட்செல்லாதிருப்பதைத் துறவு என்றோ மறுப்பு என்றோ கூற முடியாது, அது தடையே.

கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) முதலிய நாவல்கள் இவ்வனுபவத்தை இலக்கியமாக்கின. கோயிலின் உள்ளிருந்து எழுதப்பட்ட புராண மரபுக்கு மாறாக, வீதியிலிருந்து கோயிலை நோக்கிய எழுத்து ஈழத்துத் தமிழில் அக்காலத்திலேயே வலுப்பெற்றது.

6

சமயமும் அரசும் பற்றிய வினாவும் இதே காலத்தில் கூர்மையடைந்தது. சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு, ஒரு சமயத்தவருக்கு மட்டும் சலுகையோ குறைபாடோ ஏற்படுத்தும் சட்டத்தை இயற்றப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை எனக் கூறியிருந்தது. 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 6 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை அதனைத் தொடர்ந்தது. அரசியல் நிர்ணய சபையிற் சமயச் சார்பற்ற அரசு வேண்டுமெனத் தமிழ்ப் பிரதிநிதிகள் கோரினர், அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. 1976 ஆம் ஆண்டின் வட்டுக்கோட்டைத் தீர்மானமும் சமயச் சார்பின்மையையும் தீண்டாமை ஒழிப்பையும் தன் இலட்சியங்களாக அறிவித்தது.

இக்கோரிக்கைகள் நியாயமானவை. அரசு ஒரு சமயத்தைத் தழுவும்போது ஏனைய சமயத்தவரின் குடியுரிமை குறைவடைகின்றது என்ற வாதத்தை மறுத்தல் அரிது. ஆனால், அதே நியாயம் ஊர்க் கோயிலின் வாசலிலும் செல்லுபடியாக வேண்டும். கொழும்பிடம் சமத்துவம் கேட்டவர்களிற் பலர் மாவிட்டபுரத்தில் மௌனம் காத்தனர் என்பது வரலாறு. சமயச் சார்பின்மை சிறுபான்மையினரின் தற்காப்புக் கோரிக்கையாக மட்டும் இருக்குமாயின், தன்னிலும் சிறுபான்மையோரான மக்களிடம் அது பொருளிழந்துவிடும்.

7

இவை முடிந்துபோன கதைகள் அல்ல. நீண்ட போரின் பின்னர் வடபுலத்திற் பல ஆலயங்கள் புலம்பெயர்ந்தோரின் நிதியுதவியுடன் புதுப்பிக்கப்பட்டுள்ளன; கோபுரங்கள் உயர்ந்துள்ளன. இழப்பின் பின் ஊரை மீண்டும் ஒன்றுசேர்க்கும் முயற்சியாக இதனைக் காண இடமுண்டு. அதேவேளை, 2018 ஆம் ஆண்டில் தென்மராட்சி வரணியில் அம்மன் கோயில் ஒன்றின் தேர் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டு இழுக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதியினர் வடம்பிடிப்பதைத் தவிர்க்கவே இவ்வாறு செய்யப்பட்டது என்ற குற்றச்சாட்டு அப்போது பரவலாக எழுந்தது. நவீன இயந்திரம் சமூகத்தை நவீனமாக்கிவிடும் என்று நம்புவோர் அத்தேரின் படத்தைச் சிறிது நேரம் நோக்குதல் நலம்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு முடிவு துலங்குகின்றது. சமயக் கண்டனம் பிறர் சமயத்தை மட்டும் சோதித்தது. ஆகவே அது பகையாக முடிந்தது. பகுத்தறிவு அற்புதங்களைச் சோதித்தது. ஆனால் அவற்றை வேண்டிநின்ற துயரத்தை முழுமையாகத் தொடவில்லை. ஆலயப் பிரவேசப் போராட்டம் நிறுவனத்தைச் சோதித்தது. கதவு திறந்தபின் உள்ளே இருக்கும் நம்பிக்கையை ஆராயும் பணியை அது பின்வருவோருக்கு விட்டுச் சென்றது. இம்மூன்றையும் இணைக்கும் விமர்சனமே இன்று வேண்டப்படுவதாகும். கூற்று உண்மையா என வினவும் நேர்மையும், யாருக்கு அது பயன்படுகின்றது என வினவும் சமூக நோக்கும், அதனைப் பற்றி நிற்பவரின் துயரை இகழாத மனிதாபிமானமும் அதற்கு இன்றியமையாதவை.

இப்பணியின் பெரும்பங்கு பல்கலைக்கழகத்தினரைச் சாரும். வட்டுக்கோட்டைச் செமினரி தொடக்கம் இன்றுவரை இச்சமூகத்திற் கல்வி பெற்றோர் குறைவில்லை. பெற்ற கல்வியைத் தம் ஊர்க் கோயிலின் கணக்கேட்டின்மீதும் திறவுகோலின்மீதும் திருப்பியோர் மிகச் சிலரே. அச்சிலரின் தொகை பெருகும்வரை, கோவூர் விடுத்த சவாலை வெல்ல எவரும் வராமை பகுத்தறிவின் வெற்றியாக எண்ணப்படலாம். சமூகத்தின் வெற்றியாக அதனை எண்ணுதல் இயலாது.